நடக்காத வரலாற்றுக்கு ஒரு ஜெர்மன் போர்க்கப்பல்: முழுமையான வழிகாட்டி

வரலாறு வேறு திசையில் போயிருந்தால் என்று கற்பனைக் கடற்படை வரைபவர்களில் பெரும்பாலோர் பீரங்கியில்தான் தொடங்குகிறார்கள். எட்டு 42 செ.மீ. பீரங்கி, 32 நாட் (மணிக்கு 32 கடல்மைல்) வேகம், 400 மி.மீ. கவசம் என்று எழுதி, மேலே ஒரு ஜெர்மன் பெயரை ஒட்டிவிட்டால் கப்பல் தயார். அப்படிப்பட்ட கப்பல் மனதில் நிற்பதில்லை. அதில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். நிஜமான போர்க்கப்பல் எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு பேரம் தெரியும்: வேகம் வேண்டுமென்றால் கவசத்தைக் குறை, கவசம் வேண்டுமென்றால் அகலத்தைக் கூட்டு, அகலம் கூடினால் துறைமுகத்தின் மதகை இடித்துக் கட்டு, அதற்கு நாடாளுமன்றத்தில் பணம் கேள். நம் கற்பனைக் கப்பலிலும் அந்தப் பேரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வழிமுறையை வெறுமனே சொல்லிக்கொண்டு போகாமல், ஒரே கப்பலை முதலிலிருந்து கடைசிவரை கட்டிக் காட்டுகிறேன். அதற்கு ‘அன்ஹால்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

படி 1: வரலாறு எங்கே திரும்புகிறது?

ஒரே ஒரு திருப்பம் போதும். என் உலகில், 1917 பிப்ரவரி 1 அன்று ஜெர்மனி தொடங்கிய கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர் (எச்சரிக்கையின்றி வணிகக் கப்பல்களையும் மூழ்கடிப்பது) தொடங்கப்படவில்லை. அமெரிக்கா போருக்குள் வரவில்லை. களைத்துப்போன இரு தரப்பும் அந்த ஆண்டே பேச்சுவார்த்தைக்கு உட்காருகின்றன. ஜெர்மனிக்குக் கப்பல்கள் மிஞ்சுகின்றன, கஜானா காலி.

இந்தத் திருப்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது பெரிய ஆசைகளுக்கு இடம் தராது என்பதுதான். வென்ற ஜெர்மனியை வைத்துக்கொண்டால் எதையும் கட்டலாம். எதையும் கட்டலாம் என்றால் வடிவமைப்பதற்கு எதுவும் இல்லை. இதற்கு நேரெதிர் உதாரணம் நிஜ வரலாற்றிலேயே இருக்கிறது. 1919 வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் புதிய கவசக் கப்பல்களை 10,000 டன்னுக்குள் அடைத்தது. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் டாய்ச்லாண்ட் வகை: ஆறு 28 செ.மீ. பீரங்கி, முழுக்க டீசல் எஞ்சின், எடையை மிச்சப்படுத்த ரிவெட்டுக்குப் பதில் பரவலாக வெல்டிங். சொன்ன எடையை அது மீறியது உண்மை. ஆனாலும் அந்தக் காலத்து வேறெந்தக் கடற்படையிடமும் அப்படியொரு கப்பல் இல்லை.

1933-க்குப் பிந்தைய ஜெர்மனியை எடுத்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1939 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற இசட் திட்டத்தின் (ஹிட்லர் அரசின் கடற்படை விரிவாக்கத் திட்டம்) கப்பல்கள் வரைவதற்குக் கவர்ச்சியானவைதான். ஆனால் அவற்றைக் கட்டச் சொன்ன அரசு எது, எந்தப் போருக்காகக் கட்டச் சொன்னது என்பதை மறைத்துவிட்டு எஃகை மட்டும் ரசிப்பது நேர்மையான கற்பனை ஆகாது. அந்தக் காலத்தைத் தொட்டால் அந்த அரசையும் சேர்த்தே எழுதுங்கள்.

படி 2: கப்பலுக்கு முன் துறைமுகத்தை வரையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

ஜெர்மன் கடற்படைக்கு இரண்டு வீடுகள்: பால்டிக் கடலில் கீல், வடகடலில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன். இரண்டையும் இணைப்பது 1895-இல் திறக்கப்பட்ட கால்வாய். 26.9 மீட்டர் அகலமுள்ள நாசாவ் வகை டிரெட்நாட்கள் (ஒரே அளவுப் பெரிய பீரங்கிகள் நிறைந்த புதுத் தலைமுறைப் போர்க்கப்பல்கள்) வந்தபோது பழைய மதகுகளில் நுழைய முடியவில்லை. கால்வாயை அகலப்படுத்தும் வேலை 1907-இல் தொடங்கி 1914 கோடையில், போர் வெடிக்கச் சில வாரங்களுக்கு முன்தான் முடிந்தது. புதிய மதகுகள் 45 மீட்டர் அகலம், கால்வாய் 11 மீட்டர் ஆழம். கால்வாய் தாராளமாகிவிட்டாலும் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனின் உலர்துறைகளும் நுழைவு மதகுகளும் அகலத்தை இறுக்கிப் பிடித்தன. 38 செ.மீ. பீரங்கி ஏந்திய பையர்ன்கூட 30 மீட்டர் அகலத்தோடு நின்றுவிட்டது. பிஸ்மார்க் 36 மீட்டருக்குப் போனது அதற்கு அடுத்த தலைமுறையில்.

ஆழமும் அப்படித்தான். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் இருப்பது யாடே கழிமுகத்தில். அதன் வாயில் மணல்திட்டு. 1914 ஆகஸ்ட் 28 காலை பிரிட்டிஷ் கப்பல்கள் ஹெலிகோலாண்ட் வளைகுடாவுக்குள் புகுந்தபோது கடல் வற்றம். பெரிய ஜெர்மன் கப்பல்களால் திட்டைத் தாண்டி வெளியே வர முடியவில்லை. நீர் ஏறும்வரை அவை காத்திருந்த நேரத்தில் மைன்ஸ், கோல்ன், அரியாட்னே என்ற மூன்று இலகு குரூஸர்கள் அழிவின் பாதையில் இருந்தன. ஒரு மீட்டர் ஆழம் எத்தனை உயிர்களைத் தின்னும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே அன்ஹால்ட்டுக்கு: அகலம் 31 மீட்டருக்கு மேல் போகாது, மூழ்கும் ஆழம் 9 மீட்டருக்கு மேல் போகாது. இந்த இரண்டு எண்களையும் தாளின் தலைப்பில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

படி 3: சட்டமும் பணமும்

கடற்படைத் துறைச் செயலர் டிர்பிட்ஸ் கட்டிய கடற்படை சட்டத்தின் மேல் நின்றது. 1898, 1900 ஆண்டுகளின் கடற்படைச் சட்டங்களும் அவற்றின் திருத்தங்களும் எத்தனை கப்பல், எந்த வயதில் மாற்று என்பதையெல்லாம் வரையறுத்தன. 1908 திருத்தம் பெரிய கப்பல்களின் ஆயுளை 20 ஆண்டாகக் குறைத்தது. கட்டப்படும் கப்பல் பழைய ஒன்றுக்குப் பதிலாக வருகிறது என்றால், வெள்ளோட்டம் விடும் நாள்வரை அது ‘எர்ஸாட்ஸ் இன்னார்’ (இன்னாருக்கு மாற்று) என்றுதான் ஏடுகளில் இருக்கும்.

கற்பனைக்கு இது பெரிய உதவி. உங்கள் கப்பல் எந்தக் கிழவருக்குப் பதிலாக வருகிறது என்று தேடினாலே அது பிறக்க வேண்டிய ஆண்டு கிடைத்துவிடும். 1902-ஐ ஒட்டிச் சேவைக்கு வந்த விட்டல்ஸ்பாக் வகைக்கு 20 வயது ஆவது 1922-இல். எனவே அன்ஹால்ட்டின் பிறப்புப் பெயர் ‘எர்ஸாட்ஸ் விட்டல்ஸ்பாக்’. 1919-இல் வரைபடம், 1920-இல் கட்டுமானத் தொடக்கம்.

பெயரிடும் மரபையும் மீறாதீர்கள். போர்க்கப்பல்களுக்குப் பெரும்பாலும் ஜெர்மன் அரசுகள், மாநிலங்களின் பெயர். போர்க்குரூஸர்களுக்கு (வேகம் கூடிய பெரிய போர்க்கப்பல்கள்) மோல்ட்கே, சைட்லிட்ஸ் போன்ற தளபதிகள். இலகு குரூஸர்களுக்கு நகரங்கள். அன்ஹால்ட் ஒரு சிறிய டச்சி (கோமகன் ஆளும் சிற்றரசு). அந்தப் பெயரில் டிரெட்நாட் எதுவும் கட்டப்படவில்லை, அதனால் எடுத்துக்கொண்டேன்.

விலையையும் யோசியுங்கள். நாசாவ் சுமார் 3.7 கோடி மார்க். சில ஆண்டுகளிலேயே பையர்ன் சுமார் 4.9 கோடி. போருக்குப் பிந்தைய நாடாளுமன்றம் இரண்டு கப்பலுக்குமேல் தராது என்று வைத்துக்கொள்கிறேன். நான்கு கப்பல் கொண்ட அணி கிடையாது. இதனால் வடிவமே மாறுகிறது: இரண்டே கப்பல் என்றால் அவை பழைய 21–22 நாட் அணிவரிசையில் சேர வேண்டியதில்லை, வேகமான தனி ஜோடியாகப் போகலாம்.

படி 4: உடலின் அளவு

இனி கணக்கு. கப்பலின் எடை என்பது அது விலக்கும் நீரின் எடை. நீர்க்கோட்டு நீளம் × அகலம் × மூழ்கும் ஆழம் என்று ஒரு செவ்வகப் பெட்டியைக் கணக்கிடுங்கள். அந்தப் பெட்டியில் எவ்வளவு பகுதியை உடல் உண்மையில் நிரப்புகிறது என்பதற்கு ஒரு குணகம்: பையர்ன் போன்ற தடித்த உடலுக்கு 0.6-ஐ ஒட்டி, நீண்ட வேகமான உடலுக்கு 0.56–0.57. கடல்நீரின் அடர்த்திக்கு 1.025.

அன்ஹால்ட்: 224 × 31 × 9 × 0.57 × 1.025. விடை சுமார் 36,500 டன்.

ஸ்பிரிங்ஷார்ப் என்ற இலவச மென்பொருள் இதையும் இன்னும் நிறையவும் தானே செய்துகொடுக்கும். நிலைத்தன்மை, உடலின் வலிமை, கடலோட்டம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடும். ஆனால் முதல் கப்பலைக் கையால் கணக்கிடுங்கள் என்பேன். மென்பொருள் “முடியாது” என்று சொல்லும்போது ஏன் முடியாது என்பது கையால் போட்டவருக்குத்தான் தெரியும்.

படி 5: வேகத்தின் விலை

எளிய சூத்திரம்: எடையின் மூன்றில் இரண்டு அடுக்கை வேகத்தின் மும்மடியால் பெருக்கி, ஒரு குணகத்தால் வகுத்தால் குதிரைத்திறன். குணகத்தை வானத்திலிருந்து எடுக்காதீர்கள். அதே நாட்டின், அதே காலத்தின் கப்பலிலிருந்து எடுங்கள். கட்டி முடிக்கப்படாத மக்கன்ஸன் போர்க்குரூஸரின் திட்ட எண்கள் 31,000 டன், 90,000 குதிரைத்திறன், 28 நாட். இதிலிருந்து வரும் குணகம் சுமார் 240.

அதை அன்ஹால்ட்டுக்குப் போட்டால் 27 நாட்டுக்குச் சுமார் 90,000 குதிரைத்திறன் வருகிறது. 30 நாட் ஆசைப்பட்டால் சுமார் 1,24,000. மூன்று நாட் கூடுதலுக்கு 34,000 குதிரைத்திறன். ஒரு டன் இயந்திரத்துக்கு 25 குதிரைத்திறன் என்று வைத்தால் 1,360 டன் கூடுதல் எடை, அதை அடைக்கக் கூடுதல் நீளம், அந்த நீளத்தை மூடக் கூடுதல் கவசம். நான் 27-இல் நிறுத்திக்கொண்டேன்.

எஞ்சின் வகை வரலாற்றோடு ஒட்ட வேண்டும். நாசாவ் ஏன் ஆறு கூண்டுகளை (பீரங்கிகளை ஏந்திச் சுழலும் கவச அறைகளை) அறுகோணமாக வைத்தது? டர்பைன் இன்றி மும்முறை விரிவு நீராவி எஞ்சின் போட்டார்கள். அந்தப் பெரிய இயந்திரங்கள் கப்பலின் நடுவைப் பிடித்துக்கொண்டதால் கூண்டுகளை நடுக்கோட்டில் அடுக்க இடமில்லை. பன்னிரண்டு பீரங்கியில் எட்டுதான் ஒரு பக்கமாகச் சுட முடிந்தது. எஞ்சின் அறையில் எடுத்த முடிவு மேல்தளத்தின் உருவத்தையே தீர்மானித்தது.

டீசல் மேல் ஆசை உள்ளவர்களுக்கு: பிரின்ஸ்ரெகன்ட் லுயிட்போல்ட் போர்க்கப்பலின் நடுச் சுழலித் தண்டுக்கு டீசல் திட்டமிட்டார்கள், எஞ்சின் தயாராகவே இல்லை, கப்பல் இரண்டு தண்டோடு ஓடியது. 1920-இல் முழு டீசல் போர்க்கப்பல் வரைவது அவசரம். எரிபொருளும் அரசியல்தான். ஜெர்மனிக்கு நிலக்கரி உண்டு, எண்ணெய் சொற்பம். அதனால்தான் அதன் பெரிய கப்பல்கள் நிலக்கரி, எண்ணெய் இரண்டையும் எரித்தன. என் உலகில் சமாதானத்துக்குப்பின் ருமேனிய எண்ணெய் விலைக்குக் கிடைக்கிறது, ஆனால் போர் வந்தால் நின்றுவிடும் என்ற பயமும் இருக்கிறது. எனவே அன்ஹால்ட்டின் கொதிகலன்களில் மூன்றில் ஒரு பங்கு இன்னமும் நிலக்கரிதான். நிலக்கரிக் கிடங்குகள் பக்கவாட்டில் டார்பிடோவுக்கு எதிரான தடுப்பாகவும் நிற்கும்.

படி 6: பீரங்கி

ஜெர்மனியின் க்ருப் ஆலையின் பீரங்கிகளை எப்போதும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். எல்/45 என்றால் குழல் நீளம் விட்டத்தைப்போல் 45 மடங்கு, 38 செ.மீ. பீரங்கிக்கு அது 17.1 மீட்டர். பையர்னின் 38 செ.மீ. குண்டு 750 கிலோ, மக்கன்ஸனின் 35 செ.மீ. குண்டு 600 கிலோ. எட்டுக்கு எட்டு என்று வைத்தால் ஒரு வீச்சுக்கு 6,000 கிலோ, மற்றதில் 4,800.

ஏற்கெனவே உற்பத்தியில் இருக்கும் 38 செ.மீ. பீரங்கியை விட்டுப் புதிய விட்டத்துக்குப் போக, காசில்லாத நாட்டுக்குக் காரணமே இல்லை. 1918-இல் 42 செ.மீ. கப்பல் திட்டம் காகிதத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் காகிதத்தில் இருப்பதற்கும் ஆலையில் இருப்பதற்கும் நடுவில் பல ஆண்டுகள். அன்ஹால்ட்டுக்கு எட்டு 38 செ.மீ., நான்கு இரட்டைக் கூண்டுகள், முன்னும் பின்னும் இரண்டிரண்டாக ஒன்றின்மேல் ஒன்று சுடும் அமைப்பு.

மூன்று பீரங்கிக் கூண்டு வேண்டும் என்பவர்கள் காரணம் காட்ட வேண்டும். ஜெர்மன் பெரிய கப்பல்கள் டாய்ச்லாண்ட் வரை அதைத் தொடவில்லை. ஆனால் கூட்டாளியான ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு ஸ்கோடா ஆலை போருக்கு முன்பே மூன்று பீரங்கிக் கூண்டு செய்து கொடுத்திருந்தது. அந்தப் பேரரசு உங்கள் உலகில் பிழைத்திருந்தால் கதவு திறந்திருக்கிறது.

கூண்டு மேலே எவ்வளவு நிமிரும் என்பதையும் எழுதுங்கள். பையர்ன் முதலில் 16 பாகைதான் நிமிர்ந்தது. வடகடலின் மங்கிய வெளிச்சத்தில் அதற்குமேல் தேவைப்படாது என்ற கணிப்பு. 1916-இன் ஜட்லாண்ட் கடற்போர் அந்தக் கணிப்பை உடைத்தது.

படி 7: கவசம், அதிலும் நெருப்பு

1 மி.மீ. தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் எஃகு 7.85 கிலோ. இந்த ஒரு எண்ணை வைத்தே பாதிக் கப்பலை வடிவமைத்துவிடலாம். அன்ஹால்ட்டின் மையக் கோட்டை (கவசம் சூழ்ந்த நடுப்பகுதி) 120 மீட்டர் நீளம். பக்கக் கவசம் 4 மீட்டர் உயரம், 350 மி.மீ.; இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 2,640 டன். மேலே தளக் கவசம் சராசரி 28 மீட்டர் அகலத்துக்கு 80 மி.மீ. போட்டால் 2,110 டன். அதை 100 மி.மீ. ஆக்கினால் இன்னும் 530 டன். ஒரு 38 செ.மீ. இரட்டைக் கூண்டின் எடையில் அது பாதிக்கும் மேல். படி 5-இல் மறுத்த மூன்று நாட்டின் 1,360 டன் நினைவிருக்கட்டும். பக்கக் கவசத்தில் பாதி அது.

எடைப் பங்கீடாக நான் வைத்தது: கவசம் 37 விழுக்காடு, உடல் 29, இயந்திரம் 10, ஆயுதம் 13, எரிபொருளும் மற்றவையும் 11. கூட்டினால் நூறு வர வேண்டும், நூற்றொன்று வந்தாலும் ஏதோ ஒன்றை வெட்டத்தான் வேண்டும்.

தடிமனைவிட ஆழமாக யோசிக்க வேண்டியது உள்ளறைகளை. 1915 ஜனவரி 24, வடகடலில் டாகர் பாங்க் மோதல். ஒரு பிரிட்டிஷ் குண்டு சைட்லிட்ஸின் பின்கூண்டு அடித்தூணைத் துளைத்தது. உள்ளே இருந்த வெடிமருந்து பற்றிக்கொண்டது. தீயிலிருந்து தப்ப, பக்கத்துக் கூண்டுக்குப் போகும் கதவை ஆட்கள் திறந்தார்கள். தீ அந்த வழியே போய் அதையும் எரித்தது. 159 பேர் இறந்தார்கள். மருந்தறைகளில் நீரை நிரப்பியதால்தான் கப்பல் தப்பியது. ஜெர்மானியப் பீரங்கிகளில் முக்கிய மருந்து பித்தளை உறைக்குள் இருந்ததும் ஒரு பாதுகாப்பு. மறு ஆண்டு ஜட்லாண்டில் மூன்று பிரிட்டிஷ் போர்க்குரூஸர்கள் வெடித்துச் சிதறியபோது, சைட்லிட்ஸ் 5,000 டன்னுக்கு மேல் நீரைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியது.

அதே போரில் இருந்த ஜெர்மன் போர்க்குரூஸர் லூட்ஸோ திரும்பவில்லை. அதன் முன்பகுதியில் நீருக்குக் கீழே டார்பிடோ குழல்களுக்கான பெரிய அறை இருந்தது. அகலமான, தடுப்பில்லாத அந்த இடத்தின் வழியே முன்பக்கம் நிறைந்தது. கடைசியில் சொந்தக் கடற்படையின் டார்பிடோ படகே அதை மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. எனவே 1916-க்குப் பிறகு வரையப்படும் எந்த ஜெர்மன் கப்பலிலும் அந்த அறை இருக்கக் கூடாது. அன்ஹால்ட்டில் முன்பகுதி முழுக்கச் சிறு சிறு அறைகள். டார்பிடோ வேண்டும் என்று அதிகாரிகள் அடம்பிடித்தால் நீர்க்கோட்டுக்கு மேலே இரண்டு குழல்.

படி 8: துணைக் கப்பல்கள்

பெரிய கப்பல் தனியாகப் போகாது. இலகு குரூஸர் வரையும்போது நம்மூரில் எல்லோரும் அறிந்த எம்டனையே எடுத்துக்கொள்ளலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அந்தக் கப்பலிடம் இருந்தது பத்து 10.5 செ.மீ. பீரங்கி. வணிகக் கப்பல்களைப் பிடிக்க அது போதும். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் குரூஸர் சிட்னி 15.2 செ.மீ. பீரங்கிகளோடு வந்தபோது போதவில்லை. சீக்கிரமே ஜெர்மன் குரூஸர்கள் 15 செ.மீ.க்கு மாறின. உங்கள் 1920 குரூஸருக்கு அதற்குக் குறைவாக வைக்காதீர்கள்.

படி 9: உள்ளே இருக்கும் மனிதர்கள்

கப்பலின் பணி வரலாறு எழுதும்போது பலரும் போர்களை மட்டும் அடுக்குகிறார்கள். 1917 ஆகஸ்டில் பிரின்ஸ்ரெகன்ட் லுயிட்போல்டில் மாலுமிகள் உணவுக்காகவும் நடத்தப்படும் விதத்துக்காகவும் கிளர்ந்தார்கள். ஆல்பின் கோபிஸ், மாக்ஸ் ரைஷ்பீட்ச் இருவரும் செப்டம்பர் 5 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு அக்டோபர் இறுதியில் கடைசிப் போருக்குப் புறப்பட மறுத்த மாலுமிகளிடமிருந்து ஒரு புரட்சியே தொடங்கியது.

என் உலகில் போர் சீக்கிரம் முடிந்தாலும் அந்தக் கோபம் எங்கும் போய்விடாது. ஆகவே அன்ஹால்ட்டின் வரைபடத்தில் மாலுமிகளின் சமையலறை, தூங்குமிடம், அதிகாரிகளின் அறை ஆகியவற்றின் அளவைத் தனியாகக் குறித்தேன். 1920-இல் புதிய நாடாளுமன்றம் போர்க்கப்பலுக்குப் பணம் தந்தால், அதே உணவைச் சாப்பிடும் அதிகாரிகளைக் கேட்கும். அந்த நிபந்தனைக்குக் கூடுதலாக 60 டன் எடுத்துவைத்தேன்.

படி 10: வரைதல்

இணையத்தில் இத்தகைய பக்கத்தோற்றப் படங்களுக்குப் பரவலாக உள்ளது ஷிப்பக்கெட் அளவுமுறை: ஓர் அடிக்கு இரண்டு பிக்ஸல். 224 மீட்டர் என்பது 735 அடி, அதாவது 1,470 பிக்ஸல். முதலில் நீர்க்கோட்டைப் போடுங்கள். பிறகு கொதிகலன் அறைகள், அவற்றின் மேல் புகைபோக்கிகள். புகைபோக்கியை அழகுக்காக நகர்த்தினால் கீழே கொதிகலனும் நகர வேண்டும். மருந்தறைக்கு நேர்மேலே கூண்டு.

காலப்பிழைகள் அதிகம் நடப்பது முன்முனையில். அலைகளைப் பிளக்கச் சாய்ந்து எழும் ‘அட்லாண்டிக்’ முனை 1930-களின் இறுதியில் ஷார்ன்ஹார்ஸ்ட், பிஸ்மார்க் காலத்தில் வந்தது. 1920 கப்பலுக்கு ஏறக்குறைய நேரான முனைதான் சரி. டார்பிடோ வலைகளை வரையாதீர்கள், ஜட்லாண்டுக்குப்பின் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். முக்காலிக் கம்பம் இருக்கலாம், பையர்னிலேயே இருந்தது. 15 செ.மீ. துணைப் பீரங்கிகள் பக்கச்சுவர் அறைகளில் இருக்கட்டும்.

வரைந்து முடித்ததும் 1935-க்கு ஒரு மறுசீரமைப்புப் படமும் போடுங்கள்: நிலக்கரிக் கொதிகலன்கள் போய் முழு எண்ணெய், கூண்டுகள் கூடுதலாக நிமிர்கின்றன, விமான எதிர்ப்புப் பீரங்கிகள் சேர்கின்றன. ஒவ்வொரு சேர்ப்புக்கும் கப்பல் எத்தனை சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது என்று கணக்கிடுங்கள். அன்ஹால்ட்டின் நீர்க்கோட்டுப் பரப்பு சுமார் 4,700 சதுர மீட்டர்; அப்படியானால் ஏறத்தாழ 48 டன்னுக்கு ஒரு சென்டிமீட்டர். 1,500 டன் சேர்த்தால் 31 சென்டிமீட்டர் இறங்கும், பக்கக் கவசமும் அந்த அளவுக்கு நீருக்குள் போகும், யாடேயின் மணல்திட்டும் அதே அளவுக்கு நெருங்கும். 9 மீட்டர் எல்லையைத் தாண்டிவிட்டால் எதையாவது கழற்றுங்கள். நான் கழற்றியது மேலே இருந்த அந்த இரண்டு டார்பிடோ குழல்களையும் நான்கு 15 செ.மீ. பீரங்கிகளையும்.